வன்னிக் கலியாண வீட்டில் ஒரு சண்டைக் காதல்: நகைச்சுவைக் கதை எழுத முழுமையான வழிகாட்டி

கலியாண வீட்டில் முட்டி மோதும் இருவர் கடைசியில் காதலிக்கும் கதைக்கு வாசகர் குறைவதே இல்லை. முடிவு எல்லோருக்கும் முதல் பக்கத்திலேயே தெரியும். தெரிந்துகொண்டுதான் வாசிக்கிறார்கள். ஆகவே சேருவார்களா என்ற கேள்வியை நம்பி எழுத முடியாது. எந்த இடத்தில், எந்த வேலைக்கு நடுவில், எந்தச் சொல்லில் சேர்ந்தார்கள் என்பதில்தான் கதை நிற்கும் அல்லது விழும்.

இந்த வகைக் கதைகள் பல பெரிய ஹோட்டல், கடற்கரை, நடன ஒத்திகை என்று நடக்கும். அதை அப்படியே கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ தூக்கி வந்தால் ஒட்டாது. ஒட்டவைக்கத் தேவையும் இல்லை. நம்முடைய கலியாணத்துக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது: பேச்சுக்கால், பொன்னுருக்கு, பலகாரச் சூடு, தாலிகட்டு, நாலாம் சடங்கு. அந்த ஒழுங்கைக் கதையின் அலங்காரமாக வைக்காமல் எலும்பாக வைத்தால் பாதிக் கதையை அதுவே எழுதித் தரும். இந்த வழிகாட்டியில் நான் வற்புறுத்தப்போவது அதைத்தான்.

விளங்குவதற்காக ஒரு கற்பனை ஜோடியை முழுக்கக் கூட்டிக்கொண்டு போகிறேன். யாழினி, இருபத்தேழு வயது, விவசாயப் போதனாசிரியர். நிரோஜன், இருபத்தொன்பது வயது, இரணைமடுக் குளத்தின் கீழ் வயலும் பத்துப் பதினைந்து மாடும் வைத்திருப்பவன். அவளுடைய அண்ணாவுக்கும் இவனுடைய தங்கச்சிக்கும் கலியாணம்.

படி 1: சண்டைக்கு உருப்படியான காரணம் தேடுங்கள்

முதல் சந்திப்பில் சட்டையில் தேத்தண்ணி ஊற்றிவிட்டாள், அதனால் பகை என்று தொடங்கும் கதை மூன்றாம் அத்தியாயத்தில் இளைத்துவிடும். சட்டையைத் தோய்த்தால் பகை போய்விடும். பிழையாக விளங்கிக்கொண்டதால் வந்த கோபமும் அப்படித்தான். யாராவது ஒருவர் இரண்டு நிமிடம் வாய் திறந்தால் முடிகிற விஷயத்தை இருநூறு பக்கம் இழுத்தால், வாசகர் "கதைச்சுத் துலையுங்கோவன்" என்று புத்தகத்தை மூடிவிடுவார்.

வன்னியில் ஆட்கள் உண்மையாகவே சண்டை பிடிக்கும் விஷயங்களைப் பாருங்கள். தண்ணீர், மாடு, வேலி. காலபோகம் மாரி மழையை நம்பிச் செய்வது. சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர்தான். குளத்தில் நிற்கும் நீரைப் பார்த்து, இந்த முறை எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டம் போட்டு முடிவெடுப்பார்கள். எல்லா வயலுக்கும் காணாது. பங்கு கிடைத்தவர் சிரித்துக்கொண்டு போவார், கிடைக்காதவர் அடுத்த வருடம் வரை அந்தக் கூட்டத்தில் இருந்த எல்லோருடைய முகத்தையும் ஞாபகம் வைத்திருப்பார்.

மாடு இதைவிட நல்ல காரணம். விதைப்புக் காலத்தில் மாடுகளைக் கட்டி வைக்கச் சொல்லி அறிவிப்பார்கள். மேய்ச்சல் தரை இல்லாதவர் எங்கே கொண்டுபோய்க் கட்டுவது? கட்டாக்காலி மாடு பயிருக்குள் இறங்கினால் பிடித்துப் பிரதேச சபையிடம் கொடுக்கலாம்; சொந்தக்காரர் தண்டம் கட்டி மீட்க வேண்டும். வயல்காரர் பக்கமும் நியாயம், மாட்டுக்காரர் பக்கமும் நியாயம். எதிரிகள் காதலர் ஆகும் கதைக்கு இந்த இரட்டை நியாயம்தான் உயிர். ஒருவர் பக்கம் மட்டும் நியாயம் இருந்தால் மற்றவர் மன்னிப்புக் கேட்பதோடு கதை முடிந்துவிடும்.

நம் கதையில், கணவனை இழந்த ஒரு தாய் முதல் தடவையாக விதைநெல்லுக்கென்று செய்த வயலில் நிரோஜனின் மாடுகள் விடியற்காலையில் இறங்கிவிடுகின்றன. அந்த வயலுக்கு ஆலோசனை சொன்னவள் யாழினி. ஆட்களைக் கூட்டி மாடுகளைப் பிடித்துக் கொடுத்தவளும் அவளே. அவன் ஆசையாக வளர்த்த நாம்பன் (இளங்காளை) ஒன்றை விற்றுத் தண்டம் கட்டுகிறான். ஐந்து மாதம் கழித்துச் சம்பந்தம் பேசி வருகிறார்கள்.

உங்கள் காரணம் சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. கதையின் கடைசிப் பக்கத்தில் இருவரும் காதலித்துக்கொண்டிருக்கும்போதும் அந்தச் சண்டையை அவர்களால் பிடிக்க முடியுமா? முடிந்தால் நல்ல காரணம். மாட்டு விஷயத்தில் யாழினி செய்தது பிழை என்று அவள் கடைசிவரை ஒத்துக்கொள்ளத் தேவையில்லை.

சாதியைப் பகைக்குக் காரணமாக எடுக்காதீர்கள். அது நம்மிடம் இல்லை என்பதற்காகச் சொல்லவில்லை. இருக்கிறது, ஆனால் அதில் இரட்டை நியாயம் கிடையாது. அதை எடுத்தால் வேறு கதை எழுத வேண்டிவரும். யாழ்ப்பாணத்துப் பக்கத்து மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கி "இஞ்ச யானை வருமோ" என்று பயந்து பயந்து கேட்பது போன்ற ஊர்ப் பெருமைச் சீண்டலை மேலால் தூவலாம். அது உப்புக்குத்தான், சோற்றுக்குக் காணாது.

படி 2: இருவரையும் உறவுக்குள் சரியான இடத்தில் நிறுத்துங்கள்

பெண்ணின் சகோதரன், மாப்பிள்ளையின் சகோதரி. இதைவிட வசதியான சோடி கிடையாது. தாலி கட்டி முடிந்த நிமிடத்திலிருந்து இவர்கள் மச்சானும் மச்சாளும். கேலி செய்ய உரிமை உள்ள உறவு, கலியாணம் செய்யவும் முறை உள்ள உறவு. ஊரே கண் வைத்திருக்கும்.

அதோடு சடங்கும் கைகொடுக்கிறது. மாப்பிள்ளைத் தோழனாக நிற்பது பெரும்பாலும் பெண்ணின் சகோதரன். மாப்பிள்ளையின் கால் கழுவி, மோதிரம் வாங்கி, மணவறையில் பக்கத்தில் இருப்பவன் அவன். பெண்ணுக்குத் தோழியாக மாப்பிள்ளையின் சகோதரி நிற்பாள். அதாவது எதிரியின் வீட்டு ஆளை ஆளுக்கு ஆள் பார்த்துக்கொள்ள வேண்டும். சில வீடுகளில் தோழி கலியாணமானவளாகத்தான் இருக்க வேண்டும் என்பார்கள். அப்படியென்றால் அந்த இடத்தை ஒன்றுவிட்ட அக்காவுக்குக் கொடுத்துவிட்டு, யாழினியிடம் சாமான் கணக்குப் புத்தகத்தைக் கொடுங்கள். கலியாண வீட்டில் கணக்குப் புத்தகம் வைத்திருப்பவளோடு எல்லோரும் சண்டை பிடிக்கத்தான் வேண்டும்.

இந்த உறவில் ஒரு பொறியும் இருக்கிறது. மாற்றுச் சம்பந்தம். உன் பெண் என் வீட்டுக்கு, என் பெண் உன் வீட்டுக்கு. சீதனம் பெரிதாகக் கைமாறத் தேவையில்லை. பெரியவர்களுக்கு இந்த யோசனை வராமல் இருக்காது. அதை இப்போதைக்குக் கையில் வைத்திருங்கள், படி 9இல் வேண்டும்.

படி 3: மாதத்தையும் ஊரையும் தெரிவுசெய்யுங்கள்

ஆடியிலும் மார்கழியிலும் நாள் வைக்க மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையும் விதைப்பும். ஆகவே தை, மாசி. காலபோக அறுவடை நேரம், கையில் காசு வரும் நேரம், வெளிநாட்டு உறவுகள் வெயில் தேடி வரும் நேரம். உங்களுக்கு அது தரும் பெரிய நன்மை, ஒருவருக்கும் நேரம் இருக்காது என்பது. நெல் வெட்டும் மெசின் இன்றைக்கு வருமா நாளைக்கு வருமா என்று தெரியாது. றோட்டின் பாதியில் நெல் காயும். மாப்பிள்ளை வரும் வாகனம் அந்த நெல்லுக்கு முன்னால் நின்று ஹோர்ன் அடிக்கும். நெல்லின் சொந்தக்காரக் கிழவி விளக்குமாறோடு நின்று "என்ர நெல்லுக்கு மேலால போனால் உங்கட சம்பந்தம் விளங்காது" என்பாள்.

ஊர்ப் பெயரைக் கற்பனையாக வையுங்கள், சுற்றுப்புறத்தை உண்மையாக வையுங்கள். ஏ9 வீதியால் வருகிறவர்கள் முறிகண்டிப் பிள்ளையாரில் இறங்கித் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்காமல் போக மாட்டார்கள். முல்லைத்தீவுப் பக்கம் கதை நடந்தால் நேர்த்தி எல்லாம் வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்கு. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கக் காட்டோரக் கிராமம் என்றால் பந்தலில் கட்டிய வாழைமரத்தை யானை வந்து பார்த்துவிட்டுப் போகக்கூடிய ஆபத்து உண்டு. யானையை ஒரு தடவைக்கு மேல் கொண்டுவராதீர்கள்.

படி 4: ஒவ்வொரு சடங்குக்கும் ஒரு வேலை கொடுங்கள்

இதுதான் நீங்கள் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம். ஒரு தாளில் சடங்குகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "இது இவர்களை என்ன செய்யவைக்கிறது" என்று எழுதுங்கள். எழுத ஒன்றும் வராத சடங்கை ஒரு வரியில் கடந்துபோங்கள். வாசகருக்குக் கலியாணம் எப்படி நடக்கும் என்று பாடம் நடத்த வேண்டியதில்லை, அவர் உங்களைவிட அதிகம் போயிருப்பார்.

பேச்சுக்கால். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்கு வருகிறார்கள். தேத்தண்ணித் தட்டோடு நிரோஜன் வெளியே வருகிறான், வரிசையில் யாழினி இருக்கிறாள். தட்டு விழக்கூடாது, தட்டு விழுவது சினிமா. அவன் அமைதியாக எல்லோருக்கும் பால் தேத்தண்ணி கொடுக்கிறான். அவளுக்கு மட்டும் வெறும் தேத்தண்ணி.

"பால் இல்லையோ?" என்று அவளுடைய அம்மா கேட்கிறா.

"இருந்தது அன்ரி. மாட்டைப் பிடிச்சுக்கொண்டு போட்டினம்."

அவளுக்கு மட்டும் விளங்குகிறது. அவள் ஒரு மிடறு குடித்துவிட்டு, "சாயம் நல்லாயிருக்கு. மாடு கட்டி இருந்திருந்தால் இன்னும் நல்லாயிருந்திருக்கும்" என்கிறாள். இரண்டு பேரும் எதிரிகள் என்பதும், இரண்டு பேரும் கெட்டிக்காரர் என்பதும் மூன்று வரியில் முடிந்துவிட்டது.

பொன்னுருக்கு. தாலிக்குப் பொன் உருக்கும் நாள், மாப்பிள்ளை வீட்டில் நடக்கும், பெண் வீட்டாரும் போவார்கள். சடங்கைவிட அதற்குப் பிறகு வருவதுதான் உங்களுக்குத் தங்கம். பொன்னுருக்கு முடிந்தால் தாலிகட்டும் வரை மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவரை ஒருவர் பார்க்கக்கூடாது என்பது வழக்கம். அப்படியென்றால் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஓடித் திரிய இரண்டு பேர் வேண்டும். சட்டை அளவு, மாலைக்கு முற்பணம், ஐயரின் சாமான் பட்டியல், பெண்ணின் நிறத்துக்குப் பொருந்தாத கூறைச் சேலை. எல்லாம் இவர்கள் தலையில். "போன் இருக்கிறதே" என்று வாசகர் கேட்பார். போனில் கூறையை அனுப்ப முடியாது. மாப்பிள்ளை நள்ளிரவில் வட்ஸ்அப்பில் அனுப்பும் காதல் வசனத்தை, சார்ஜ் இல்லாத பெண்ணின் போனுக்குப் பதிலாக அவளுடைய அண்ணனின் போனுக்கு அனுப்பிவிட்டால் என்ன ஆகும் என்றும் யோசித்துப் பாருங்கள். அதை வாசித்துக் காட்ட வேண்டியது நிரோஜன். பக்கத்தில் கணக்குப் புத்தகத்தோடு யாழினி.

பலகாரச் சூடு. பயற்றம் பணியாரம், சீனி அரியதரம், முறுக்கு, அச்சுப் பலகாரம். பத்துப் பன்னிரண்டு பெண்கள், ஒரு பெரிய தாச்சி, புகை, ஊர்க்கதை. ஆண்களுக்கு விறகு கொத்தவும் தேங்காய் துருவவும்தான் அனுமதி. முறுக்கு உரலைப் பிழியக் கைப்பலம் வேண்டும் என்று நிரோஜனைக் கூப்பிடுகிறார்கள். மாக் குழைத்தவள் யாழினி. மா இறுகிப்போய்க் கிடக்கிறது.

"தண்ணி காணாது" என்கிறான்.

"உங்கட பகுதிக்கு இந்த முறை தண்ணி இல்லை. கூட்டத்தில சொன்னதுதானே."

தாச்சிக்குப் பக்கத்தில் இருந்த அம்மம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அரியதரத்தைத் திருப்பிப் போடுகிறா. கதையில் முதலில் கண்டுபிடிப்பது எப்போதும் அம்மம்மாதான், ஆனால் அவவுக்கு வசனம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் எல்லாவற்றையும் போட்டுடைத்துவிடுவா.

தாலிகட்டு நாளை நீட்டாதீர்கள். புதிதாக எழுதுகிறவர்கள் கதையின் உச்சத்தை மணவறைக்கு முன்னால் வைத்துவிடுகிறார்கள். அந்த நாளில் எல்லோருக்கும் ஓட்டம், கெட்டிமேளம், ட்ரோன் கமரா. இரண்டு நிமிடம் தனியாகக் கதைக்க யாருக்கும் இடமில்லை. தோழன் கால் கழுவும் செம்பை மறந்துவிட்டான், யாழினி சனத்துக்குள்ளால் அதை நீட்டுகிறாள். தண்ணீர்ப் பானைக்குள் கணையாழி தேடும்போது இரண்டு பக்கமும் கத்துகிறார்கள், அப்போது இவர்களும் தங்களை மறந்து கத்துகிறார்கள். அறுகரிசி போடும் வரிசையில் முழங்கை இடிக்கிறது. இவ்வளவு காணும்.

உச்சம் நாலாம் சடங்கில். அன்றைக்குத்தான் ஆட்டிறைச்சி அடுப்பில் ஏறும், வேட்டி மடித்துக் கட்டப்படும், அலுப்புத் தீர்ந்த பெரியவர்கள் வாய் திறப்பார்கள்.

படி 5: பேச்சில் தூரத்தை அளந்து வையுங்கள்

நம் பேச்சில் நீங்கள், நீர், நீ என்று மூன்று படி இருப்பது எழுத்தாளருக்குப் பெரிய வசதி. தொடக்கத்தில் யாழினியும் நிரோஜனும் "நீங்கள்" தான். அதுவும் அளவுக்கு மிஞ்சிய "நீங்கள்". "நீங்கள் பெரிய ஒபிசர், உங்களுக்கு எங்கட மாட்டின்ர பேர் தெரிய நியாயமில்லை." இந்த மரியாதையில்தான் விஷம். கோபம் உச்சத்துக்குப் போகும் இடத்தில் ஒருவர் தவறி "நீர்" என்று சொல்லட்டும்: "நீர் அந்தப் பொம்பிளையின்ர வயலைப் போய்ப் பாத்தனீரா ஒருக்கா?" சண்டையில் விழுந்த அந்த "நீர்" பிறகு எழும்பிப் போகக்கூடாது. அடுத்த நாள் அமைதியான நேரத்தில் அவன் அதே சொல்லால் கேட்கிறான், "நீர் சாப்பிட்டனீரோ?" இதற்குமேல் காதல் வசனம் எழுதினால் கெட்டுப்போகும். "நீ" இந்தக் கதைக்குத் தேவையே இல்லை.

சபையில் இன்னொரு கணக்கு. கலியாணம் முடிந்ததும் சின்னம்மா ஒருத்தி "மச்சானைக் கூப்பிடு, சாப்பாடு போடு" என்பா. அவளால் பெயர் சொல்லவும் முடியாது, மச்சான் என்று கூப்பிடவும் வராது. இரண்டு பக்கம் முழுக்க அவனை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் "இஞ்ச… உங்க… ஆரது" என்று ஓட்டலாம்.

கதை சொல்லும் மொழி எழுத்துத் தமிழில் இருக்கட்டும், உரையாடல் மட்டும் ஊர்ப் பேச்சில். உரையாடலில் சென்னைச் சினிமாத் தமிழ் ஒரு சொல் புகுந்தாலும் நம் வாசகருக்குப் பல்லில் கல் கடிபடும்.

படி 6: மனம் மாறும் இடத்தில் ஒரு வேலை நடக்கட்டும்

தடுக்கி விழுந்தவளைத் தாங்கிப் பிடிப்பது, மழையில் ஒரே குடை. இதெல்லாம் வேண்டாம். இவர்கள் உழைக்கிற ஆட்கள். ஒருவர் வேலை செய்யும் விதத்தைப் பார்த்துத்தான் மற்றவருக்கு மனம் இளகும்.

பலகாரச் சூடு முடிந்து இரவு அவன் மோட்டார் சைக்கிளில் திரும்புகிறான். காலம் தப்பிய தை மழை இருட்டிக்கொண்டு வருகிறது. றோட்டோரம் அவள் வீட்டு நெல் படங்கில் காய்கிறது. வீட்டில் ஆண்கள் எல்லோரும் மண்டபத்தில். அவன் நிற்கத் தேவையில்லை. நின்று சைக்கிளின் வெளிச்சத்தைப் போட்டுவிட்டுக் குவிக்கத் தொடங்குகிறான். அவள் கடகத்தோடு ஓடி வருகிறாள். கதைக்க நேரமில்லை. ஒருவர் கூட்ட, ஒருவர் சாக்கைப் பிடிக்க, கடைசிச் சாக்கு உள்ளே போகவும் மழை விழவும் சரி. அப்புறம்தான் அவள் கேட்கிறாள், "நாம்பனுக்கு என்ன பேர்?" தண்டம் கட்ட விற்ற நாம்பன். அவள் மன்னிப்புக் கேட்கவில்லை, பெயரைக் கேட்கிறாள். அவன் சொல்கிறான்.

அவளுக்கும் ஒரு இடம் வேண்டும், அவன் அறியாமல் அவள் செய்யும் ஒன்று. அதை அடுத்த படியில் வைத்திருக்கிறேன்.

படி 7: சிரிக்கக்கூடாத இடத்தை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள்

வன்னியில் நடக்கும் கலியாணத்தில் 2009 இல்லாமல் இருக்காது. அதைத் தொடாமல் எழுதினால் கதை பொய்யாகிவிடும். அதையே எழுதினால் நகைச்சுவை செத்துவிடும். என் அபிப்பிராயம், ஒரே ஒரு இடம், ஒரே ஒரு பொருள். அதைச் சுற்றி யாரும் பகிடி விடக்கூடாது.

நல்ல பொருள் கலியாணக் கார்ட். நிரோஜனின் அப்பா இறுதி யுத்தத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர். கார்ட்டில் அவர் பெயருக்கு முன்னால் என்ன போடுவது? "காலஞ்சென்ற" என்று போட்டால் அம்மா ஒத்துக்கொள்ள மாட்டா. போடாவிட்டால், "அப்பா எங்கே, கன்னிகாதானத்துக்கு ஏன் மாமா நிற்கிறார்" என்று வெளிநாட்டுச் சொந்தம் கேட்கும். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்ட உறவுகளைத் தேடித் தொடங்கிய போராட்டத்தில் இருந்தவர்களில் இந்த அம்மாவும் ஒருத்தியாக இருக்கலாம். அவவுக்கு அது ஒரு சொல் பிரச்சினை கிடையாது. அந்தச் சொல்லை அச்சில் போட விட்டால் தானே கையெழுத்து வைத்ததாகிவிடும்.

அச்சகம் வழமைப்படி "காலஞ்சென்ற" என்று போட்டு மாதிரி அனுப்புகிறது. பிழை திருத்தித் தரச் சொல்லி அது யாழினியிடம் வருகிறது. பகை உச்சத்தில் இருக்கும் நேரம். அவள் யாரிடமும் கேட்காமல் அந்தச் சொல்லை வெட்டிவிட்டு, எழுத்துப் பிழை திருத்தியது போலத் திருப்பி அனுப்புகிறாள். கதையில் இது நான்கு வரிக்கு மேல் வரக்கூடாது. நிரோஜனுக்குத் தெரியவருவது கலியாணத்துக்குப் பிறகு, அச்சகத்துக்கு மிச்சக் காசு கட்டப் போகும்போது. பழைய மாதிரித்தாளில் சிவப்பு மையும் அவளுடைய கையெழுத்தும். அவன் அங்கே அழ வேண்டாம். மிச்சக் காசை இரண்டு தடவை எண்ணட்டும்.

இன்னொன்று. அந்த அம்மா பொட்டு வைப்பாவா, சபையில் முன்னுக்கு வருவாவா என்பதை நீங்கள் முதலே முடிவுசெய்துவிட வேண்டும். அதைத் தற்செயலாக எழுதினால் ஊர் வாசகர் உடனே கண்டுபிடிப்பார்.

படி 8: பெரியவர்களை முட்டாளாக்காதீர்கள்

லண்டன் மாமா, கனடாச் சித்தி, நேரடி ஒளிபரப்பில் "கமராவை ஒருக்காத் திருப்புங்கோ" என்று கத்தும் சுவிஸ் பெரியம்மா. எல்லோரும் வரலாம். ஆனால் ஒவ்வொருவருக்கும் தங்கள் பக்கத்தில் ஒரு நியாயம் இருக்கட்டும். காசு அனுப்பியவர் கேள்வி கேட்பார், அது இயல்பு. மூன்று பேருக்கு மேல் பெயர் வைக்காதீர்கள். மற்றவர்கள் பந்தியில் அப்பளம் கேட்கட்டும்.

படி 9: உடைவும் முடிவும் பழைய காரணத்திலிருந்தே வரட்டும்

கடைசிக் கால்வாசியில் ஒரு உடைவு வேண்டும். புதிதாக ஒரு முறைமாப்பிள்ளையை விமானத்தில் இறக்காதீர்கள். தேவையானதெல்லாம் ஏற்கெனவே கதைக்குள் கிடக்கிறது.

நிரோஜனின் தங்கச்சிக்குச் சீதனமாக வாய்க்கால் கரையில் இரண்டு ஏக்கர் வாய்ப்பேச்சாகச் சொல்லியிருக்கிறார்கள். குடியேற்றத் திட்டக் காணிகள் பல 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பெர்மிட்டில் இருப்பவை. நினைத்தபடி துண்டாடி எழுதிக்கொடுக்க முடியாது. இந்தப் பெர்மிட் இருப்பதோ காணாமல் ஆக்கப்பட்ட அப்பாவின் பெயரில். மாற்றுவதென்றால் மரணச் சான்றிதழ் என்ற பேச்சு வரும். 2016ஆம் ஆண்டு மரணப் பதிவுச் சட்டத் திருத்தத்தோடு காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்று ஒன்றும் வந்தது. அம்மா இரண்டையும் தொட மாட்டா.

நாலாம் சடங்குப் பந்தி. இறைச்சிக்கறி பரிமாறும்போது யாழினியின் பெரியப்பா அந்த யோசனையை எடுத்து வைக்கிறார். "காணியை ஏன் போட்டு உழக்குவான்? எங்கட பிள்ளையை அவை எடுக்கட்டும். கொடுக்கிறதுக்கும் எடுக்கிறதுக்கும் சரியாப் போச்சு." சபை சிரிக்கிறது, எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. நிரோஜனின் முகத்தில் ஒரு சந்தோசம் வந்து போவதை யாழினி பார்க்கிறாள். "எனக்கு விருப்பமில்லை" என்கிறாள், சபைக்கு நடுவில்.

இங்கே அவள் மறுப்பது அவனை இல்லை, இரண்டு ஏக்கருக்கு ஈடாகத் தன்னை வைத்த கணக்கை. அவனுக்கு அது விளங்கச் சில நாள் எடுக்க வேண்டும். பொய்யான விளங்காமை வேண்டாம் என்று படி 1இல் சொன்னேன், இது அப்படிப்பட்டதில்லை. அவள் வாய் திறந்து விளக்கினாலும் சபையில் சொன்ன சொல் சொன்னதுதான். கணக்குப் போனால்தான் பிரச்சினை போகும். அதைப் போக்கக்கூடியவர் மாப்பிள்ளை, யாழினியின் அண்ணா. அதுவரை கதையில் சும்மா சிரித்துக்கொண்டிருந்தவர், "எனக்கு அந்தக் காணி வேண்டாம், மாமியின்ர பேரில எதையும் மாத்தவும் வேண்டாம்" என்று சொல்லட்டும். புது மாப்பிள்ளை பேச்சுக்கு அந்த ஒரு வாரம்தான் முழு மரியாதை இருக்கும், அதைச் சரியாகப் பயன்படுத்துங்கள்.

கணக்கு போன பிறகு நிரோஜன் தனியாகப் போகிறான். அவளுடைய வீட்டுக்குப் போனால் பெண் கேட்டதாகிவிடும், ஆகவே அவள் வேலை செய்யும் கமநல சேவை நிலையத்துக்கு. வாங்கில் நான்கு பேருக்குப் பின்னால் வரிசையில் இருக்கிறான். முறை வந்ததும் மாட்டுப் பட்டிக்கு வேலி அடிக்க உதவி கிடைக்குமா என்று கேட்கிறான். அவள் இல்லை என்கிறாள், ஏன் இல்லை என்று விளக்குகிறாள், அவன் எதிர்த்துக் கதைக்கிறான், பின்னால் நிற்பவர்கள் நேரத்தைப் பார்க்கிறார்கள். போகும்போது சிவப்பு மை போட்ட மாதிரித்தாளை மேசையில் வைத்துவிட்டுப் போகிறான். பின்னேரம் யார் யாரைத் தேடிப் போவது என்பது உங்கள் விருப்பம். நான் எழுதினால் அவளைத்தான் போகவைப்பேன், மாட்டுப் பட்டிக்கு, வேலை உடுப்போடு.

இரண்டாவது கலியாணத்தோடு முடிக்காதீர்கள், வாசகர் இப்போதுதான் ஒரு கலியாணத்தில் சாப்பிட்டு எழும்பியிருக்கிறார். அடுத்த சிறுபோகக் கூட்டத்தோடு முடியுங்கள். நிரோஜனின் வயல் இந்த முறையும் பட்டியலில் இல்லை. அவன் எழும்பி "நீங்கள்" போட்டுக் கேள்வி கேட்கிறான், அவளும் "நீங்கள்" போட்டே பதில் சொல்கிறாள், பின் வரிசைக்காரர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் இருமுகிறார்கள்.

படி 10: வெளியிட முன் ஊர்க் கண்ணால் ஒருக்கா வாசியுங்கள்

கலியாணம் செய்துவைத்த அனுபவமுள்ள ஒரு மாமியிடம் கதையைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அவ எங்கே குறுக்கிட்டாலும் அந்த இடத்தில் பிழை இருக்கிறது. எழுத்து வைத்தது எப்போது, பதிவாளர் எங்கே வந்தார், ஆராத்தி எடுத்த இரண்டு பேர் யார், கூறை மாற்ற எவ்வளவு நேரம் எடுத்தது என்று கேட்பா. எல்லாவற்றுக்கும் கதையில் பதில் எழுதத் தேவையில்லை, உங்களுக்குத் தெரிந்திருந்தால் காணும்.

மாதத்தையும் சரிபாருங்கள். தை மாதக் கதையில் குளம் வற்றிக் கிடக்கக்கூடாது, மாம்பழம் விழக்கூடாது. அண்ணன், தம்பி, அக்கா, தங்கச்சி முறை இடையில் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பத்தாம் அத்தியாயத்தில் தங்கச்சி அக்காவாகிவிடுவது நீண்ட கதைகளில் நடக்கும். கடைசியாகச் சாப்பாடு. இந்துக் கலியாணத்தில் தாலிகட்டுப் பந்தியில் எங்காவது ஆட்டிறைச்சி வாசம் வந்திருந்தால், அந்தச் சட்டியை அப்படியே தூக்கி நாலாம் சடங்குக்குக் கொண்டுபோங்கள்.